வேலைச் சாமான்களுக்கு ஒரு கொட்டில்

(ஊவா மாகாணத் தோட்டங்களின் மாதர் சங்கங்கள், இளைஞர் சங்கங்கள் மத்தியில் நிகழ்த்தும் உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் பேச வந்த விஷயம் சின்ன விஷயம். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சிறு கொட்டில் போட்டு, மண்வெட்டி, கத்தி, சுத்தியல் எல்லாவற்றையும் ஒழுங்காக வைப்பது எப்படி? “இதுக்கு ஒரு கூட்டமா?” என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குள்ளே நமது பிள்ளைகளின் பாதுகாப்பு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலையின் பாதுகாப்பும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நமது வீட்டைப் பார்ப்போம். லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் சேர்த்தவர்கள், ஆள் படுத்து எழும்ப ஓர் இடம் என்றுதான் இந்தக் காம்பராவைக் கட்டினார்கள். இங்கே ஒரு குடும்பம் வாழும், பிள்ளை படிக்கும், சாமான் சேரும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. ஆகவே முள்ளு கட்டிலுக்கு அடியில் போகிறது. கவ்வாத்துக் கத்தி கூரைச் சலாகையில் செருகப்படுகிறது. அலவாங்கு கதவுக்குப் பின்னால் சாய்கிறது. ஆணி டின் அடுப்பு மேட்டில் இருக்கிறது. பாடப் புத்தகம் எங்கே என்று கேட்டால், அதுவும் அவற்றுக்கு நடுவில்தான்.

தவழுகிற பிள்ளைக்குக் கட்டிலுக்கு அடிதான் விளையாட்டு மைதானம். கொழுந்து மலைக்குப் போன தாய் திரும்பி வரும் வரைக்கும் வீட்டில் இருப்பது பாட்டியும் பிள்ளையும். கண் மங்கிய பாட்டியால் கத்தி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா? ஆகவே நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: பிள்ளை படுக்கிற அறையில் இரும்பு இருக்கக்கூடாது.

“சரி, ஒத்துக்கிறோம். ஆனா எங்க ஐயா இடம் இருக்கு?” இந்தக் கேள்வியைத்தான் எல்லாத் தோட்டத்திலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும்.

புது வீடு கிடைத்தவர்களுக்கு முதலில் சொல்கிறோம். இந்திய உதவியுடன் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் கட்டப்பட்ட வீடுகள் 7 பேர்ச் காணியில், 550 சதுர அடியில் அமைந்தவை. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 7 பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டைக் கழித்தால் 1,350 சதுர அடி மிஞ்சும். அதில் மலசலகூடக் குழி, வழி, கான், மரக்கறிப் பாத்தி எல்லாம் போனாலும், 6 அடிக்கு 8 அடிக் கொட்டில் ஒன்றுக்கு 48 சதுர அடிதான் வேண்டும். இடம் இருக்கிறது. எந்த மூலையில் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

இனி லயத்தில் இருப்பவர்களுக்கு. லயத்து நிலம் நமது பெயரில் இல்லை. ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வேலை தொடங்க வேண்டாம். துரை மாறினால் பேச்சும் மாறும். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கொட்டில் போட இடம் இல்லாவிட்டால், லயத்துக்கு ஒரு பொதுக் கொட்டில் போடலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த உரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

இடம் இல்லை என்றவுடன் நமது கை எங்கே போகிறது? வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்திட்டுக்குத்தான். “இந்தத் திட்டுல ரெண்டடி வெட்டினா ஒரு கொட்டில் போட்டுடலாம்” என்று நாலு மண்வெட்டி போடுகிறோம். அடுத்த வருஷம் ஆட்டுக்கு இன்னும் இரண்டடி. அதற்கடுத்த வருஷம் விறகுக்கு இரண்டடி. ஆறு அடி வெட்டியாயிற்று. மேலே உள்ள மண் எதன்மேல் நிற்கும்? அடிவாரத்தின் மேல்தான் மலை நிற்கிறது. அடியை வெட்டினால் மேல் மண் பிடிப்பில்லாமல் தொங்கும். வெயில் காலத்தில் அது சும்மா நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் ஒரே மூச்சில் இறங்கும். அது வந்து விழுவது கொட்டிலின் மேல். அதற்கு அடுத்தது பிள்ளைகள் தூங்குகிற அறையின் சுவர்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் மகல்தெனியவில் வீடுகள் கட்டி 2016 இல் கொடுத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. அத்தகைய பெரிய சரிவுகள் கொட்டில் போட்டதால் வந்தவை அல்ல. அவற்றின் காரணம் மலைக்குள்ளே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய திட்டு இடிந்து சுவரில் விழுவதற்குக் காரணம் நமது மண்வெட்டி. மலையை நிறுத்த நம்மால் முடியாது. மண்வெட்டியை நிறுத்த முடியும்.

ஆகவே கொட்டிலுக்கு இடம் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

திட்டை வெட்ட வேண்டாம். ஏற்கெனவே சமமாக உள்ள இடத்தில், வீட்டின் பக்கவாட்டில் போடுங்கள். திட்டு எத்தனை அடி உயரமோ, குறைந்தது அத்தனை அடியாவது தள்ளி நிற்கட்டும். பள்ளப் பக்கத்து ஓரத்திலும் போட வேண்டாம். புதிதாகக் கொட்டிய மண் நிற்காது. கானை மறித்துப் போடவே கூடாது. நமது முன்னோர்கள் மலையைச் சுற்றிச் சுற்றிக் கான் வெட்டியது தண்ணீரை மெல்லமாக இறக்கி விடுவதற்காகத்தான். கானை மூடினால் அந்தத் தண்ணீர் நேரே மண்ணுக்குள் இறங்கும். கூரைத் தண்ணீரும் திட்டுப் பக்கம் விழாமல் கானில் விழுகிற மாதிரிச் சரிவு வையுங்கள். பதுளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். பெரிதாக ஏதாவது கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் விசாரியுங்கள். முன்பு தோட்டங்களுக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் தடையாக இருந்தது. 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே “தோட்டத்து ஆள்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை” என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டாம்.

இடம் பார்த்தாயிற்று. இனிக் கட்டுவது.

மழை குறைந்த ஆனி முதல் ஆவணி வரைக்கும் வேலைக்கு நல்ல காலம். நமது ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தருகிற வறண்ட காற்றும் அந்த மாதங்களில்தான் அடிக்கும். தகரம் பறக்கிற காற்று அது. ஆகவே கூரையைக் கல் வைத்து அமர்த்தினால் போதாது. கம்பியால் சலாகையோடும், சலாகையைக் கம்பத்தோடும் கட்ட வேண்டும். மரத்துக்குச் சவுக்குக் கம்பம் போதும். அனுமதி இல்லாமல் தோட்டத்து மரத்தில் கை வைக்க வேண்டாம். கம்பத்தை நேரே மண்ணில் நட்டால் கறையான் தின்னும், மழையில் உளுத்துப் போகும். அடியில் தட்டைக்கல் வைத்து, கொங்கிரீட் போட்டு, அதன்மேல் நிறுத்துங்கள். தரையை அரை அடி உயர்த்துங்கள். சுவருக்குப் பழைய தகரம், பலகை எது கிடைத்தாலும் சரி. மேலே காற்றுப் போக நாலு விரல் இடைவெளி விடுங்கள். நமது மலைப் பனியில் அடைத்து வைத்த இரும்பு சீக்கிரமாகத் துருப் பிடிக்கும்.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு கிடைக்கிறது என்று அதை வாளால் அறுப்பதும் துளையிடுவதும் வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு நோயாக வரும். காம்பராவிலிருந்து வயர் இழுத்துக் கொட்டிலுக்கு பல்ப் போடவும் வேண்டாம். லயம் முழுவதும் ஒரே கூரை. ஒரு வீட்டு வயரில் பிடிக்கிற நெருப்பு எல்லா வீட்டுக்கும் போகும். குப்பி விளக்கும் மண்ணெண்ணெயும் கொட்டிலுக்குள் வேண்டாம். பகலில் வேலை செய்யுங்கள், இரவில் டோர்ச் போதும்.

கொட்டில் வந்துவிட்டது. இப்போது சாமான்கள். கொட்டிலைக் கட்டிய பிறகு அதற்குள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டால், கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பை இடம் மாறியதுதான் மிச்சம். ஒழுங்கு என்பது ஒரு பொருளுக்கு ஓர் இடம்.

முதல் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு சாக்கில் பரப்புங்கள். மூன்றாகப் பிரியுங்கள்: நல்லது, திருத்த வேண்டியது, உதவாதது. உதவாத இரும்பைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுங்கள். “என்றைக்காவது உதவும்” என்று வைத்த சாமானில் பாதி என்றைக்கும் உதவாது.

பிறகு சுவரில் ஒரு பலகை அடித்து, ஆணியில் சாமானைத் தொங்கவிட்டு, அதன் உருவத்தைச் சுற்றிக் கரியால் ஒரு கோடு வரையுங்கள். மாலையில் பலகையைப் பார்த்தாலே எது திரும்பி வரவில்லை என்று தெரிந்துவிடும். எழுத்துத் தெரியாத பாட்டியும் கண்டுபிடிப்பாள். அலவாங்கு, கோடாரி போன்ற பாரமானவை கீழே நிற்கட்டும். அவை விழாமல் குறுக்கே ஒரு சட்டம் அடியுங்கள். கூர்மையானவை ஐந்து அடிக்கு மேலே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கத்தியின் வாய்க்குப் பழைய தண்ணீர்க் குழாயைக் கீறி உறை போடலாம். ஆணி, திருகாணியை மூடி போட்ட போத்தல்களில் போடுங்கள். கண்ணாடி வழியே எல்லாம் தெரியும். உணவுப் போத்தலில் வேறெந்தத் திரவமும் ஊற்றி வைக்க வேண்டாம்.

மண் வேலை முடிந்ததும் மண்வெட்டியையும் முள்ளையும் கழுவி, துடைத்து, பிறகு தொங்கவிடுங்கள். ஒரு வாளி காய்ந்த மணலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கலந்து வைத்து, இரும்பை அதில் நாலு தடவை குத்தி எடுத்தால் துருவும் போகும், எண்ணெயும் பூசிவிடும். பிடி ஆடுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஒரு நாளைக்குத்தான் தாங்கும். புது ஆப்பு அடிப்பதுதான் சரி. கோடாரித் தலை கழன்று பறந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. மழுங்கின கத்தி பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது தப்பு. மழுங்கின கத்திக்குப் பலம் அதிகம் கொடுக்க வேண்டும். பலம் கொடுக்கும்போதுதான் வழுக்கும். துரு ஆணி, முள்ளு காலில் குத்தினால் மஞ்சள் பூசிவிட்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். நடக்க முடியாத பெரிய காயமென்றால் 1990 இலக்கத்துக்குப் பேசுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கொட்டிலுக்குள் வரவே கூடாத ஒன்று இருக்கிறது. அதுதான் மருந்து. பூச்சிக்கும் புல்லுக்கும் அடிக்கிற விஷ மருந்தைச் சொல்கிறோம். “கொட்டில்தான் இருக்கே, ஒரு போத்தல் அங்க வெச்சுக்கலாம்” என்று தோன்றும். வேண்டாம். நமது நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு நிமிஷக் கோபமும் கவலையும் உயிரையே கொண்டுபோனதற்குக் காரணம், அந்த நிமிஷத்தில் கை எட்டும் தூரத்தில் விஷம் இருந்ததுதான். 1995 இலும் 1998 இலும், பிறகு 2008 முதலும் மிகக் கொடிய மருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995 இல் உச்சத்தில் இருந்த தற்கொலைகள் அதன் பிறகு பாதிக்கும் மேல் குறைந்தன. விஷம் கிட்டே இல்லாவிட்டால் உயிர் தப்பும் என்பதற்கு இது பெரிய சாட்சி. பூட்டுப் போட்டால் போதுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பூட்டுப் பெட்டி கொடுத்த கிராமங்களிலும் விஷம் குடிப்பது குறையவில்லை என்று 2017 இல் வெளியிட்டார்கள். சாவி வீட்டில்தானே இருக்கிறது! தோட்டத்து மருந்து தோட்டத்து ஸ்டோரில் இருக்கட்டும். வெறும் போத்தலும் வீட்டுக்கு வர வேண்டாம். வீட்டில் யாராவது மனம் உடைந்து, பேசாமல் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனிப் பொதுக் கொட்டில். ஒரு குடும்பத்துக்குக் கத்தியும் மண்வெட்டியும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் இழைப்புளி, ரசமட்டம், துளையிடும் மெஷின், நீள ஏணி வாங்க வேண்டுமா? வருஷத்தில் இரண்டு நாள் வேலைக்கு எதற்கு அந்தக் கடன்? லயத்தார் சேர்ந்து மாதம் கொஞ்சம் போட்டு ஒவ்வொன்றாக வாங்கலாம். ஒரு கொப்பியில் திகதி, சாமான், கொண்டுபோனவர் பெயர், திரும்பி வந்த நாள் என்று நான்கு கோடு போட்டால் போதும். கொப்பியையும் சாவியையும் மாதர் சங்கத்து அக்காமார் கையில் கொடுங்கள். சீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள். உடைத்தவர் திருத்திக் கொடுக்க வேண்டும் என்ற விதியை முதல் நாளே சபையில் வைத்துச் சொல்லுங்கள். பிறகு சொன்னால் சண்டை வரும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தீட்டுகிற நாளாக வையுங்கள். கொட்டிலுக்கு முன்னால் ஒரு வாங்கு, ஒரு சாணைக்கல், இரண்டு அரம். ஸ்டோரில் பிட்டராகவும் தச்சராகவும் வேலை செய்து ஓய்வெடுத்த பெரியவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கட்டும். பெண் பிள்ளைகளும் அரம் பிடிக்கட்டும். கதவு கீல் கழன்றால் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தானே. அப்படிக் கை பழகின தம்பி தங்கைமாரைப் பதுளை தொழில்நுட்பக் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்துக்கோ அனுப்பிப் பாருங்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள், படிக்காவிட்டாலும் தங்கள் அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. கொழும்புக்குக் கடைவேலைக்குப் போகிற பையன் கையில் ஒரு தொழிலோடு போனால் அவன் கூலியும் வேறு, மரியாதையும் வேறு.

கடைசியாக ஒரு காரியம். கொட்டிலுக்கு வெளியே, மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெட்டவெளியில் நேரான சுவருள்ள ஒரு டின்னை அசையாமல் வையுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அதில் உள்ள தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து கொட்டிவிடுங்கள். கொட்டாவிட்டால் நுளம்பு பெருகும். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் என்றால் விழிப்பாயிருங்கள். 100 மில்லிமீற்றர் என்றால் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு புறப்படத் தயாராகுங்கள். 150 மில்லிமீற்றர் என்றாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ யாரும் சொல்லக் காத்திராமல் வெளியேறுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் மழை அளவைப் பார்க்க வேண்டியதில்லை. உடனே விலகிப் போய், 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். சாமானைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டாம். கத்தி போனால் கடையில் வாங்கலாம்.

வீட்டுக்குப் போய் இன்றைக்கே கொட்டில் கட்டச் சொல்லவில்லை. மூன்று வேலை செய்யுங்கள். கட்டிலுக்கு அடியில் உள்ள கத்தியை எடுத்து உயரத்தில் வையுங்கள். வீட்டில் மருந்துப் போத்தல் இருந்தால் பிள்ளை கைப்படாமல் தோட்ட ஸ்டோரில் ஒப்படையுங்கள். பின்பக்கத்துத் திட்டை ஒரு தரம் நின்று பாருங்கள்; இனி ஒரு மண்வெட்டியும் அதில் விழாது என்று வீட்டார் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். கொட்டிலை ஆனி மாதத்தில் ஆறுதலாகக் கட்டலாம்.